ஒட்டை நம்பாத இஸ்துப்பாரு அண்ணன்

இந்த உலகத்தில் ஒரு பொருள் இன்னொரு பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாத ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் இஸ்துப்பாரு அண்ணன்தான். ஆணியில் தொங்கும் காலண்டராக இருக்கட்டும், சட்டையில் தைத்த பொத்தானாக இருக்கட்டும், சர்க்கார் நட்டுவைத்த மைல்கல்லாகவே இருக்கட்டும், ஒருமுறை பிடித்து இழுத்துப் பார்த்து அது வராவிட்டால்தான் அது அங்கே இருக்கிறது என்று ஒப்புக்கொள்வார். வந்துவிட்டால் பிடுங்கிவிட்டோமே என்று வருத்தப்படுகிற வழக்கமெல்லாம் கிடையாது. "ஒட்டல" என்று தீர்ப்புச் சொல்லி, கையில் வந்ததை நம் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

இழுத்துப் பார் என்பதை எங்கள் பக்கம் இஸ்துப்பாரு என்போம். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் நான்தான் அதை மாதாமாதம் அடித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஆளை நேரில் பார்த்தால் வாயில் இஸ்துப்பாரு அண்ணன் என்றுதான் வரும். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

இப்போது நான் சித்தூரில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறேன். அதற்கு முன்னால் சில வருஷம் திருப்பதிக்கு அந்தப் பக்கம் ஒரு சோலார் பேனல் தொழிற்சாலையில், ஆட்களைச் சேர்ப்பது, விடுப்பு எழுதுவது என்று ஆபீஸ் வேலை. அண்ணனுக்குச் சொந்த ஊர் நாகலாபுரம். குடியிருந்தது சந்திரகிரியில். அந்தத் தொழிற்சாலையின் தரம் பார்க்கும் பிரிவில் அவர்தான் ராஜா. ராஜா என்று நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார்.

அவர் செய்த வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடிகளில் பளபளவென்று சாய்ந்து கிடக்கும் பேனலைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பவை அப்பளத்தைவிட மெல்லிய சில்லுகள். ஒரு சில்லில் உண்டாகிற கரண்ட்டை அடுத்த சில்லுக்குக் கொண்டுபோவதற்கு ஒரு ரிப்பன் இருக்கிறது. ஜடையில் கட்டுகிற ரிப்பன் இல்லை. மெல்லிய செம்புப் பட்டை, மேலே ஈயமும் வெள்ளீயமும் கலந்து பூசியது, ரீலில் சுற்றி வரும். அதில் ஃப்ளக்ஸ் என்கிற திரவத்தைத் தடவி, சூடான சால்டரிங் இரும்பை வைத்தால் பூச்சு உருகிப் பிடித்துக்கொள்ளும். சில்லுகளை வரிசை வரிசையாகக் கோக்கிற வேலையை மெஷினே செய்துவிடும். ஒரு வரிசையை இன்னொரு வரிசையோடு சேர்க்கிற அகல ரிப்பனை மட்டும் பெண்கள் மேஜையில் வைத்துக் கையால் ஒட்டுவார்கள். அந்த ஒட்டு நிற்கிறதா என்று இழுத்துப் பார்ப்பதற்குத்தான் அண்ணனுக்குச் சம்பளம்.

இதற்கென்று கம்பெனி ஓர் இழுவை மெஷினும் வாங்கி வைத்திருந்தது. அண்ணன் முதலில் இடுக்கியால் பிடித்துக் கையால் இழுப்பார். அதன் பிறகு மெஷினை இழுக்கவிட்டு, மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்பார். காலையிலிருந்து சாயங்காலம் வரை இப்படி இழுத்துப் பழகிய கை, மணி அடித்ததும் நின்றுவிடுமா? அதுதான் எங்களுக்கெல்லாம் வந்த வினை.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். வணக்கம் சொல்வார் என்று நானும் எழுந்து கை குவித்தேன். அவர் என் மேஜை டிராயரின் கைப்பிடியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"ஒட்டல மேடம். இன்னிக்கு நான் பாத்தேன், சரியாப் போச்சு. நாளைக்கு நீங்க அவசரமா இஸ்து, மல்லாக்க உழுந்திருப்பீங்க" என்றார்.

நான் நன்றி வேறு சொன்னேன். அந்தக் கைப்பிடியை மாற்றித் தரச் சொல்லி நடையாய் நடந்தது தனிக்கதை.

கம்பெனி பஸ்ஸில் சித்தூரிலிருந்து நான் வருவேன், அவர் சந்திரகிரியில் ஏறுவார். ஏறியதும் மேலே இருக்கும் கம்பியை இழுப்பார், ஜன்னலை இழுப்பார். ஒருநாள் டிரைவருக்குப் பக்கத்தில் போய் நின்று, புதிதாக மாட்டியிருந்த கண்ணாடியை இழுத்து, அதைக் கழற்றி டிரைவர் மடியிலேயே வைத்துவிட்டார். பஸ் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்து, மறுபடி தெலுங்குக்கே போய்த் திட்டினார். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோவம் வேணாம்பா. ஸ்க்ரூல வாஷர் போடல, அதான்" என்றார். அன்றிலிருந்து அவர் பஸ்ஸில் ஏறினால் டிரைவர் ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார். எங்கள் உயிர் இன்னொரு கையில்.

எங்கள் இன்ஜினியர் ஒருவர் வீட்டு கிரகப்பிரவேசத்தில் நடந்தது இதைவிட அழகு. வாசலில் இரண்டு வாழைமரம் கட்டி, மேலே வளைவாகப் பூ அலங்காரம் செய்திருந்தார்கள். எல்லோரும் அதன் அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் உள்ளே வரும்போது ஒரு வாழைமரத்தை லேசாக இழுத்தார். அது ஒட்டவில்லை. மரம், வளைவு, மாவிலைத் தோரணம், சீரியல் விளக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. இன்ஜினியரின் மாமனார் பூவுக்குள் காணாமல் போய்விட்டார். அவரைத் தோண்டி எடுத்த பிறகு அண்ணன் விருந்துக்கு உட்காரவில்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கயிறு கேட்டு வாங்கி, ஏணி போட்டு, அந்த வளைவை அவரே திரும்பக் கட்டினார். கட்டி முடித்துத் தொங்கியும் பார்த்தார். வீட்டைப் பார்க்க வந்தவர்களைவிட அவரைப் பார்க்கத்தான் கூட்டம்.

அவரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடுகிற ஆள் இல்லை. "நம்ம ஒட்டு உட்டுப்போச்சுன்னா யாரு மேடம் அழுவுறது?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டார். "சத்தியவேடு பக்கம் எவனோ ஒரு விவசாயி, மோட்டாருக்குன்னு இந்தப் பேனல வாங்கி மாட்டுவான். பயிர் காஞ்சிக்கினு கெடக்கச் சொல்லோ கரண்ட் வரலன்னா அவன் வரப்புல நின்னுக்கினு யாரப் போயிக் கேப்பான்? நம்ம மூஞ்சி கூட அவனுக்குத் தெரியாது." பேனல் விற்கிற பிரிவில் உட்கார்ந்திருந்த யாரும் அந்த விவசாயியை நினைத்து நான் பார்த்ததில்லை.

ரிப்பன் ரீல் மீது அவருக்கு இருந்தது அக்கறை இல்லை, பக்தி. வெறுங்கையால் தொடுவதைப் பார்த்தால் போதும், ருத்ர தாண்டவம்தான். "கையில வேர்வ கீது, எண்ணெ கீது. ஃப்ளக்ஸு களிம்பைத் துன்னும், எண்ணெயத் துன்னாது!" என்று கத்திக்கொண்டே வருவார். ஒருமுறை கேன்டீனில் வடை சாப்பிட்டுவிட்டு நேராக வந்து ரீலைத் தூக்கிய சூபர்வைசரை, வாசல் குழாய் வரை அழைத்துப் போய் சோப்பு போட்டுக் கை கழுவவைத்துத் திரும்பக் கூட்டிவந்தார். அந்த சூபர்வைசர் பதவியில் அவருக்கு மேலே. அதெல்லாம் அண்ணன் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் துணிக் கையுறை போட்டுப் பழக்கிவிட்டவர் அவர்தான்.

இப்படிப்பட்டவர்தான் ஆயுத பூஜைக்கும் பூசாரி. யாரும் நியமிக்கவில்லை, அவரே நியமித்துக்கொண்டார். அந்த வருஷம் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். நாங்கள் பெண்களெல்லாம் பொரி கலந்துகொண்டிருந்தபோது அந்த அக்கா தன் கல்யாணக் கதையைச் சொன்னார்.

"தாலி கட்டினாரும்மா. மூணு முடிச்சும் போட்டாரு. எல்லாரும் அட்சத போடறாங்க. இவரு தாலியப் புடிச்சி ஒரு இஸ்பு இஸ்துப் பாத்தாரு. எங்கம்மா மயக்கம் போட்டு உழுந்துட்டாங்க. இவரு ஐயரப் பாத்து, நல்லா நின்னுக்கிச்சு சாமி, மேல ஆவட்டும்னாரு."

"உங்களுக்குக் கோபம் வரவில்லையா அக்கா?" என்றேன்.

"இன்னாத்துக்குக் கோவம்? அன்னிக்கே டெஸ்ட் பண்ணிட்டாரு. அப்புறம் இத்தினி வருசத்துல ஒரு நாளு கூட சந்தேகப்பட்டதில்ல" என்றார். சொல்லிவிட்டுப் பொரியில் வெல்லத்தைத் தூவ ஆரம்பித்துவிட்டார்.

பூஜை அமர்க்களமாக நடந்தது. சால்டரிங் இரும்புகளை வாழை இலையில் கத்தரிக்காய் மாதிரி அடுக்கினார்கள். சில்லு கோக்கிற மெஷினுக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், ஆனால் அதற்குச் சக்கரம் கிடையாது; எங்கே வைப்பது என்று பெரிய விவாதம் நடந்து, கடைசியில் ஸ்விட்சுக்குக் கீழே வைத்தார்கள். கையால் ஒட்டுகிற மேஜைகளில் முதல் மேஜை மகேஸ்வரியுடையது. நகரியிலிருந்து வருகிற பெண். "என் கையில பொழைக்கிற சாமான், சாமிகிட்ட வையுங்கண்ணா" என்று தன் மேஜையின் ரீல்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் அவற்றைக் கோபுரம் மாதிரி அடுக்கி, விளக்குக்கு எண்ணெய் ஊற்றி, திரியைத் தூண்டி, ஒவ்வொரு ரீலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பிறகு ஒவ்வொன்றிலும் ரிப்பனை முழம் முழமாக உருவி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பச் சுற்றிவைத்தார். நாங்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பூசணிக்காயை மேனேஜர் உடைத்தார்.

லீவு முடிந்து வேலை ஆரம்பித்தது. மகேஸ்வரி பொட்டுகளையெல்லாம் துணியால் துடைத்துவிட்டு ரீல்களை மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு அவள் மேஜையிலிருந்து போன மாதிரியை அண்ணன் இழுத்தார். ரிப்பன் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

"ஒட்டல."

மறுநாளும் ஒட்டவில்லை. சிலது நிற்கும், சிலது உரியும். மற்ற மேஜைகளில் எல்லாம் சரியாக இருந்தது. அண்ணன் தயவு தாட்சண்யம் பார்க்கிற ஆள் இல்லை. மகேஸ்வரியின் பேனல்கள் சிவப்பு ஸ்டிக்கரோடு சுவரோரம் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. வாங்குகிறவர்களின் லாரி வெளியே காத்து நின்றது.

மகேஸ்வரி அப்போது கான்ட்ராக்டில் இருந்தாள். அந்த மாதம்தான் அவளை நிரந்தரம் செய்வதாக இருந்தது. வீட்டில் தறி ஓட்டுகிற புருஷனுக்கு வேலை வாரத்தில் பாதி நாள்தான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. இப்போது நிரந்தரம் போய், வேலையே போகிற நிலை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அவளை நிறுத்துவதற்கு நோட்டீஸ் தயார் பண்ணச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. "ஏம் சேசேதம்மா? நான் என்ன செய்யட்டும்? லாரி நிக்குது, அந்தப் பொண்ணு கை சரியில்ல" என்று அவரும் தலையில் கைவைத்துக்கொண்டுதான் சொன்னார்.

நோட்டீஸை அடித்து எடுத்துக்கொண்டு நான் கீழே இறங்கிப் போனேன். போனால், மகேஸ்வரி இஸ்துப்பாரு அண்ணனின் மேஜைக்கு முன்னால் அழுகையும் ஆத்திரமுமாக நின்றிருந்தாள்.

"உங்க கண்ணு முன்னால ஒட்டறேன்ணா. எங்க தப்பு பண்றேன்னு நீங்களே சொல்லுங்க. நானும் பாத்துப் பாத்துதான் ஒட்டறேன்!"

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் ஃப்ளக்ஸ் தடவினாள், இரும்பை வைத்தாள், எடுத்தாள். கை ஆடவே இல்லை. அண்ணன் இழுத்தார். உரிந்து வந்தது. ஸ்டோரிலிருந்து பிரிக்காத ரீல் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதில் ஒட்டச் சொன்னார். இழுத்தார். ரிப்பன்தான் அறுந்தது, ஒட்டு விடவில்லை.

"கை நல்லாத்தான் கீது" என்று முணுமுணுத்துக்கொண்டே பழைய ரீலை எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். மோந்து பார்த்தார். திரும்பவும் மோந்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. ரீலை என்னிடம் நீட்டினார். சந்தன வாசனை. அதற்கும் அடியில் நல்லெண்ணெய்.

விளக்கு ஏற்றிய கையோடு முழம் முழமாக உருவியது யார் என்று எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. வடை தின்ற சூபர்வைசரைக் குழாயடிக்கு இழுத்துப் போன மனிதர், சாமி காரியத்தைக் கையுறை போட்டுக்கொண்டா செய்வது என்று, அன்று வெறுங்கையால் தொட்டிருக்கிறார்.

அண்ணன் எழுந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். எல்லாம் கேட்டுவிட்டு மேனேஜர் கதவைச் சாத்தினார்.

"வத்து, வத்து, வேணாம். யார்கிட்டயும் சொல்லாதீங்க. ரீல் சரியில்லன்னு சப்ளையர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா மாத்திக் கொடுத்துடுவான். அந்தப் பொண்ணும் இருக்கட்டும், நீங்களும் இருங்க. முடிஞ்சுது."

நல்ல ஏற்பாடுதான். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே மேனேஜருக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பேன்.

"அது ஆவாது சார். ரிப்பன் செஞ்சவன் இன்னா பண்ணான்? நல்லாத்தான செஞ்சி அனுப்பினான்? ஊரு பூரா ஒட்டல ஒட்டலன்னு சொல்லிக்கினு திரியறவன் நானு. என்னுது ஒட்டலன்னா மட்டும் சொல்லக்கூடாதா?" என்றார் அண்ணன்.

மறுநாள் காலை ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்னால் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசுகிற கூட்டத்தில், ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. மகேசு டேபிள்ல ஒட்டு உட்டுக்கினு போச்சே, அது மகேசு தப்பு இல்ல. நாந்தான். பூஜையன்னிக்கு எண்ணெக் கையோட ரிப்பன இஸ்துட்டேன். இந்த ஃபேக்டரில உங்க எல்லாரையும் நான் திட்டியிருக்கேன். இப்ப நீங்க என்னத் திட்டலாம்."

பெருந்தன்மையாக எல்லோரும் கைதட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? எங்கள் பெண்களைத் தெரியாது உங்களுக்கு. அனுமதி கிடைத்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டார்கள். வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்த பாக்கியெல்லாம் அன்று தீர்ந்தது. "ஏன்யா, கையக் கழுவு கழுவுன்னு எங்க உயிர வாங்கினியே, உன் கைக்கு சோப்பு கெடைக்கலியா?" என்று ஒருத்தி. "சாமிக்கே எண்ணெ தடவிட்ட ஆளுய்யா நீ!" என்று இன்னொருத்தி. அவர் பெட்டியை விட்டு இறங்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தலையாட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

மகேஸ்வரி கடைசியில்தான் பேசினாள். கத்தவில்லை. "ஒரு வாரமா நான் சரியா சோறு துன்னலண்ணா. என் கை ஆடுதோன்னு ஊட்டுல டம்ளர்ல தண்ணி ரொப்பிப் புடிச்சிக்கினு நிப்பேன். எங்கூட்டுக்காரரு கேக்கறாரு, இன்னாடி பண்றேன்னு. என் கையே எனக்கு எதிரியாப் பூட்ச்சுன்னு சொன்னேன்."

அதற்கு மட்டும் அண்ணனால் தலையாட்ட முடியவில்லை.

நோட்டீஸை நான் கிழித்துப் போட்டேன். மகேஸ்வரி அந்த மாதமே நிரந்தரமானாள். சரக்கு தாமதமானதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டுமே. அண்ணனை இழுவை மேஜையிலிருந்து எடுத்து பேக்கிங் பிரிவில் போட்டார்கள். ரிப்பனுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் போர்டு வைத்தார் மேனேஜர். உலகத்திலேயே அப்படி ஒரு போர்டு வைத்த தொழிற்சாலை அது ஒன்றாகத்தான் இருக்கும். பேக்கிங்கில் அண்ணன் அட்டைப் பெட்டிக்குக் கட்டுகிற பட்டையை இழுத்து இழுத்துக் கட்டியதில், சரக்கு வாங்கிய ஒருவர் பெட்டியைப் பிரிக்க முடியவில்லை என்று போன் செய்து அழாத குறையாகக் கேட்டார்.

அண்ணன் இடத்தில் மெஷின் மட்டும் இழுத்தது. அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது, குறையொன்றும் சொல்ல முடியாது. ஆனால் பெண்கள் சும்மா இருக்கவில்லை. அன்று அவரைக் கிழிகிழியென்று கிழித்த அதே பெண்கள், மேனேஜரைப் பார்க்கும்போதெல்லாம் அவரை எப்போது திரும்பப் போடுவீர்கள் என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு மனிதரை அசரவைத்தார்கள். மாம்பழ சீசன் முடிவதற்குள் அண்ணன் பழைய மேஜைக்கு வந்துவிட்டார்.

வந்தாரே தவிர, ஆள் பழைய ஆளாக இல்லை. கையுறையை இரண்டு அடுக்காகப் போட்டுக்கொண்டார். இடுக்கியைத் தொடவில்லை. மாதிரிகளை வாங்கி வாங்கி மெஷினுக்குள் வைத்தார். நான் ஏதோ வேலையாகக் கீழே போயிருந்தேன். மகேஸ்வரி தன் மேஜையின் மாதிரியைக் கொண்டுவந்து நின்றாள்.

"மெஷின்ல போட்டுடும்மா" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

"மெஷின் அப்புறம் பாக்கட்டும்ணா. நீங்க இஸ்துப் பாருங்க."

"வேணாம்மா. என் கை மேல எனக்கே இப்ப நம்பிக்க இல்ல."

"எனக்கு இருக்குதுண்ணா" என்றாள் மகேஸ்வரி. "நீங்க சொன்னாத்தான் நான் நிம்மதியா ஊட்டுக்குப் போவேன். இஸ்துப் பாருங்க."

அவர் இடுக்கியை எடுத்தார். ரிப்பன் நுனியைப் பிடித்தார். மெதுவாக ஆரம்பித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஒட்டு அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தார்.

"நின்னுக்கிச்சும்மா" என்றார். அவள் அதை வாங்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி தன் மேஜைக்குப் போய் அடுத்ததை ஒட்ட ஆரம்பித்தாள்.

என் மகள் இப்போதுதான் படிப்பை முடித்து ஒரு கம்பெனியில் வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். நல்ல சம்பளம், நல்ல ஊர் என்று எல்லோரும் வாழ்த்துகிறார்கள். நான் மட்டும் தினமும் விளக்கேற்றும்போது சாமியிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அவளுக்கு வாய்க்கிற மேலதிகாரி எங்கள் இஸ்துப்பாரு அண்ணன் மாதிரி ஒருவராக இருக்கட்டும்.